கண்டல் நடும் முன் எந்தக் கந்தோருக்குப் போவது?

வாவிக்கரையில், உவர்ச் சேற்றில் வளரும் கண்டல் மரம் நட வேண்டும், அடைபட்ட ஓடையைத் திறந்துவிட வேண்டும், கடல் அரிக்கிற இடத்தில் எதையாவது வளர்த்து மண்ணைப் பிடிக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அடிக்கடி கிளம்புகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றையே: “ஐயா, கன்று எங்கே எடுக்கலாம்?” கன்றைப் பற்றிப் பிறகு பேசலாம் தம்பி. நடப்போகிற துண்டு யாருடைய பொறுப்பில் இருக்கிறது? அது தெரியாமல் நட்டால், அடுத்த வருடம் அதே இடத்தில் வேலி போட்டுக்கொண்டு ஒருவர் நிற்பார். அவரிடம் காட்ட உங்கள் கையில் ஒரு கடுதாசித் துண்டுகூட இருக்காது.

நான் ஒரு பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் கோப்புக் கட்டியே பென்சனுக்கு வந்தவன். இப்போது ஊர் மீனவர் சங்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். மரம் செடி பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வன இலாகாக்காரரோடு சேற்றில் நின்று கேட்டது. எந்தக் காரியத்துக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பது மட்டும் கைவந்த விஷயம். இங்கே எழுதுவது அதைத்தான்.

மட்டக்களப்பில் கடலிலிருந்து மேற்கே நடந்து பாருங்கள். அலை அடிக்கிற இடம் ஒரு திணைக்களத்துக்கு. வாவியில் ஓடும் மீன் இன்னொன்றுக்கு. கரையில் நிற்கும் கண்டல் மரம் வேறொன்றுக்கு. அதற்குப் பின்னால், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் தொடங்கினால் கமநல அபிவிருத்தித் திணைக்களம் வந்துவிடும். ஊடே ரோடு போனால் அதற்கும் ஓர் ஆள். எல்லோருக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனி வரைபடம். இந்த ஆட்களை ஒரே நாளில் ஒரே சேற்றில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் உங்கள் முதல் வேலை. நடுகை அதற்குப் பிறகு.

முதலில் நிலம்

விதானையாரிடம் தொடங்குங்கள். கிராம சேவகருக்கு அந்தத் துண்டின் சரித்திரம் தெரிந்திருக்கும்: யார் மாடு கட்டினார், யார் பெர்மிட் கேட்டு எழுதினார், யார் வழக்குப் போட்டார். அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போங்கள். அங்கே கேட்க வேண்டியது, இது அரச காணியா, அனுமதிப்பத்திரம் கொடுத்த காணியா, குத்தகைக்கு விட்டதா, உறுதி எழுதிய தனியார் காணியா, வன ஒதுக்கா என்பது. நில அளவைத் திணைக்களத்தின் படம் இருந்தால் அதன் இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். படத்தின் இலக்கம் இல்லாமல் போகும் கடிதம் ஒவ்வொரு மேசையிலும் “விபரம் தருக” என்ற குறிப்போடு திரும்பி வரும். அந்தக் குறிப்பை நானே எத்தனையோ கடிதத்தில் எழுதியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

வாவிக்கரைக் காணியில் ஒரு தனித் தொல்லை உண்டு. கரை ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆடி ஆவணியில் தண்ணீர் வற்ற, தரவை என்கிற சேற்றுவெளி வெளியே தெரியும். மார்கழியில் அதே இடத்தில் தோணி ஓடும். தண்ணீர் இறங்கும்போது பக்கத்துக் காணிக்காரரின் வேலியும் கூடவே இறங்கும். தண்ணீர் ஏறும்போது வேலி மட்டும் ஏறாது. ஆகவே கடிதம் எழுதும் முன் மாரியிலும் கோடையிலும் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று கம்பு அடித்து, திகதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். காணிக் கிளைக்கும் அது உதவும், கண்டல் எங்கே பிழைக்கும் என்று பார்ப்பதற்கும் அதுதான் உதவும்.

கைவிட்ட இறால் பண்ணையாக இருந்தால், பழைய குத்தகை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். குளத்தின் வரம்பை உடைத்துத் தண்ணீரை உள்ளே விடுவது, வேலை என்று பார்த்தால் மண்வெட்டி வேலைதான். குத்தகைக்காரர் நாளைக்கு வந்து நின்றால் அது வழக்கு.

கரையோரத் திணைக்களத்தின் கோடு

முழுப் பெயர் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களம். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்தது, 2011 இல் சட்டத்தைத் திருத்தியபோது பெயரும் நீண்டது. கடல் பக்கம் 2 கிலோமீற்றர், தரைப்பக்கம் உயர் நீர்க்கோட்டிலிருந்து 300 மீற்றர் அவர்களுடைய கரையோர வலயம். அதற்குள் கட்டுவது, வெட்டுவது, நிரப்புவது, மண் அள்ளுவது எதுவானாலும் அவர்களுடைய அனுமதி வேண்டும். நீங்கள் ஓடையைத் தோண்டுவதும் இதில் சேரும். நல்ல நோக்கம் என்பதால் விலக்குக் கிடையாது.

எங்களுக்கு முக்கியமானது இதற்கடுத்த பகுதி. கடலோடு சேரும் ஆறு, களப்பு, வாவி இருந்தால், முகத்துவாரத்தின் இரண்டு முனைகளையும் இணைத்து ஒரு நேர்கோடு போட்டு, அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் 2 கிலோமீற்றர் வரை வலயம் நீள்கிறது. அந்த நீரும் அதில் சேர்த்தி. 2011 திருத்தம் நீரின் ஓரத்தைச் சுற்றி இன்னும் 100 மீற்றரைச் சேர்த்தது. பாலமீன்மடு முகத்துவாரத்துக்கு அருகில் வேலை செய்கிறவர் அவர்களிடம் போயே ஆக வேண்டும். வவுணதீவுப் பக்கம் வேலை செய்கிறவருக்கு அந்தக் கோடு எட்டாது. அவருக்குப் பிரதேச செயலாளரும் வன இலாகாவும்தான் முதல் ஆட்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் பல சங்கங்கள் கடிதத்தைத் தவறான மேசைக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கின்றன.

சின்னச் சின்ன அனுமதிகளைக் கொடுக்கும் அதிகாரத்தைத் திணைக்களம் பிரதேச செயலாளருக்கே ஒப்படைத்திருக்கிறது. எது சின்னது, எது பெரியது என்று அங்கேயே கேட்டுவிட்டால் கொழும்புக்கு எழுதும் அலைச்சல் மிச்சம். வலயத்துக்குள் அனுமதியில்லாமல் எழுந்த கட்டடத்தை அகற்றுவிக்கும் அதிகாரமும் இந்தத் திணைக்களத்துக்கு உண்டு. அதை நீங்களே இறங்கிச் செய்யப் போகாதீர்கள்.

மரம் யாருடையது

அரச காணியில் நிற்கும் கண்டல் பொதுவாக வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கையில். நாங்கள் இன்னும் வன இலாகா என்றே சொல்கிறோம். 1907 ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் அவர்களுக்கு அடிப்படை. கன்று, நடுகை, இன வகை எல்லாவற்றுக்கும் பேச வேண்டிய ஆள் வட்டார வன உத்தியோகத்தர். வேலை வனஜீவராசிகள் திணைக்களத்தின் சரணாலயத்திலோ தேசியப் பூங்காவிலோ என்றால் வன இலாகா ஒதுங்கிக்கொள்ளும். காயான்கேணிக் கடற் சரணாலயமும் தெற்கே குமணவும் அப்படி. அங்கே 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் ஆளும். அனுமதியில்லாமல் அங்கே ஒரு கன்றும் நடப் போகாதீர்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சுனாமிக்குப் பிறகு இலங்கை முழுக்க ஆயிரம் ஹெக்டேயருக்குக் குறையாமல் கண்டல் நட்டார்கள். பணம் வந்தது, பனர் வந்தது, படம் எடுத்தார்கள். 2017 இல் வெளியான ஓர் ஆய்வு 23 இடங்களில் போய்ப் பார்த்தது. நட்டதில் 200 ஹெக்டேயர் அளவுதான் தேறியிருந்தது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பிழைக்காத நிலத்தில் நட்டது, நட்டபின் யாரும் திரும்பிப் பார்க்காதது, மாடு மிதித்தது ஆகியவை அதற்குக் காரணங்கள். எங்கே பார்த்தாலும் ஒரே வகையை, காய் கீழே தொங்கும் அந்தச் செங்கண்டலை, கையில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காகக் குத்தி வைத்தார்கள்.

எங்கள் கிழக்குக் கரையில் கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரைத் தொடாது. முகத்துவாரம் மூடிக் கிடந்தால் வாவிக்குள் அதுவும் இல்லை. வாவி மட்டத்தைத் தீர்மானிப்பது மழையும் முகத்துவாரமும்தான். கோடையில் காய்ந்து கிடக்கும் தரவையைப் பார்த்து “இடம் சும்மாதானே கிடக்கிறது” என்று நட்டால் மாரியில் கன்று மூழ்கிச் சாகும். கொஞ்சம் மேலே ஏற்றி நட்டால் கோடையில் மாடு தின்னும். அதற்காகத்தான் முன்னே சொன்ன கம்பு. வெறும் சேறாகத் தெரிகிற தரவையில் பறவை மேய்கிறது, தண்ணீருக்குள் கடற்புல் இருக்கிறது. அதன்மேல் கண்டல் வைப்பது ஒரு வாழிடத்தை அழித்து இன்னொன்றை உண்டாக்கும் வேலை. வன உத்தியோகத்தர் “இந்த இடம் வேண்டாம் தம்பி” என்றால் கோபப்படாமல் காரணம் கேளுங்கள். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாக இருக்கும்.

கண்டலுக்கென்று 2020 இல் அமைச்சரவை அங்கீகரித்த தேசியக் கொள்கை ஒன்று உண்டு. கடிதத்தில் அதை ஒரு வரி குறிப்பிடுங்கள். கொள்கையின் பெயர் இருக்கிற கடிதத்தை எந்தக் கிளாக்கரும் சும்மா ஒதுக்கி வைக்க மாட்டார்.

தண்ணீர்: இங்கேதான் சண்டையும்

கன்றே நடாமல் கண்டல் காட்டைத் திருப்பிக் கொண்டுவரலாம். தண்ணீர் வந்துபோக வழி இருந்தால், பக்கத்தில் தாய் மரமும் நின்றால், காய் தானாக மிதந்து வந்து தனக்கேற்ற இடத்தில் முளைக்கும். ஆகவே என் கட்சி எப்போதும் இதுதான்: முதலில் ஓடையைத் திற, பிறகு ஒரு வருடம் பார், அதற்கும் முளைக்காவிட்டால் நடு.

வழி அடைபடுவது அனேகமாக ரோட்டால். தண்ணீர் ஊடே போகிற தாழ்ந்த ரோட்டை, அதாவது தாம்போதியை, உயர்த்திக் கட்டி மதகு வைக்காமல் விட்டால் ஒரு பக்கம் தண்ணீர் தேங்கும், மறுபக்கம் காயும். அப்படி ஒரு மதகு வேண்டுமென்றால் அது யாருடைய ரோடு என்று பாருங்கள். பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் ஏ4 போன்ற ஏ, பி வகுப்பு வீதி வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு. சி, டி வகுப்பு மாகாண வீதித் திணைக்களத்துக்கு. ஊர் ஒழுங்கை பிரதேச சபைக்கு. ரோடு திருத்த மதிப்பீடு போடும் காலத்தில் போய்ச் சொன்னால் ஒரு மதகைக் கூட்டிப் போடுவது அவர்களுக்குப் பெரிய செலவில்லை. தார் போட்டு முடிந்தபின் போனால் யாரும் தோண்ட விட மாட்டார்கள்.

அடுத்தது முகத்துவாரம். வாவி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளம். கடலுக்கு வாய் இரண்டு, வடக்கே பாலமீன்மடு, தெற்கே கல்லாறு. கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும். வடகீழ்ப் பருவமழையில் உன்னிச்சை, நவகிரி பக்கத்துத் தண்ணீரெல்லாம் வாவிக்கு இறங்கும்போது படுவான்கரை வயல் மூழ்கும். உடனே விவசாயிகள் “முகத்துவாரத்தை வெட்டுங்கள்” என்பார்கள். மீனவர்களில் ஒரு பகுதி “இப்போது வெட்டினால் வாவி வடிந்து மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும்” என்பார்கள். மூடியே வைத்திருந்தாலும் நட்டம்தான். கடலில் பொரித்த இறால் குஞ்சு உள்ளே வர வழியிருக்காது, தண்ணீரின் உவர் குறையும், ஆற்றுவாழை என்கிற மிதக்கும் களை பரவும். 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வாதம் எவ்வளவு சூடாகும் என்று தெரியும்.

இதைத் தீர்மானிப்பது எந்த ஒரு திணைக்களமும் அல்ல. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், அரசாங்க அதிபர் தலைமையில் கூடும் கூட்டம்தான் அதைத் தீர்மானிக்கும். நீர்ப்பாசனத் திணைக்களம் மட்டத்தைச் சொல்லும், கமநலமும் விவசாய அமைப்புகளும் வயலைச் சொல்லும், கடற்றொழில் திணைக்களமும் மீனவர் சங்கங்களும் மீனைச் சொல்லும். கண்டலைச் சொல்ல அங்கே அனேகமாக யாரும் இருப்பதில்லை. உங்கள் சங்கத்துக்கு ஓர் இருக்கை கேட்டு எழுதுங்கள், மழை தொடங்கும் முன்னமே. வெள்ளம் வந்தபின் நடக்கிற கூட்டத்தில் உங்கள் ஓடையைப் பற்றிப் பேச யாருக்கும் காது இருக்காது. போகும்போது உங்கள் கம்பில் குறித்த நீர்மட்டத்தைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சத்தம் போடுகிறவரைவிடத் திகதியோடு அளவு சொல்கிறவரைப் பொறியியலாளர் கவனிப்பார்.

மீன், குப்பை, மண்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தங்கூசி (நைலான் இழை) வலை, நஞ்சு, வெடி என்றால் கடற்றொழில் பரிசோதகர். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தில் ஒரு நீர்ப்பரப்பைக் கடற்றொழில் முகாமைத்துவப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தி மீனவர் குழு அமைக்க வழி உண்டு. மீன் பொரிக்கும் காலத்தில் ஓடை வாயில் வலை போடாமல் வைக்க இதைவிட நல்ல கருவி கிடையாது. பண்ணை வளர்ப்பு என்றால் நக்டா என்கிற தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை, ஆராய்ச்சியும் நீர்ப் பரிசோதனையும் என்றால் நாரா என்கிற தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனம். வீட்டுக் குப்பையும் வடிகானும் மாநகர சபைக்கும் பிரதேச சபைக்கும் உரியவை. ஆலைக் கழிவு மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு, கப்பல் எண்ணெய் கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபைக்கு. மண் அகழ்வு, இல்மனைட் (கனிய மணல்) அனுமதிகள் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் மேசையில் தொடங்கும். திருக்கோவிலிலும் வாகரையிலும் மக்கள் இல்மனைட்டுக்கு எதிராக நின்றபோது இதை எல்லோரும் படித்துக்கொண்டார்கள்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். 4 ஹெக்டேயருக்கு மேல் ஈரநிலத்தை நிரப்பும் திட்டம் தேசியச் சுற்றாடல் சட்டப்படி மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். முழுச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்றால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. அறிவித்தல் பத்திரிகையில் மூலையில் சின்னதாக வரும். ஒருவரைப் பத்திரிகை பார்க்கப் போடுங்கள்.

அம்பாறைப் பக்கத்தவர்களுக்கு

கச்சேரி அம்பாறை நகரில். பொத்துவிலிலிருந்தோ கோமாரியிலிருந்தோ போய்வருவது ஒரு முழு நாள். அங்கே போனால் கோப்பு சிங்களத்தில் இருக்கும் என்று தயங்குகிறவர்கள் அதிகம். தயங்க வேண்டாம். அரசியலமைப்பின்படி தமிழும் நிர்வாக மொழி. தமிழில் எழுதுங்கள், பதிலையும் தமிழிலேயே கேளுங்கள்.

அங்கே கண்டலைவிட மணல்மேடு பெரிய விஷயம். ஒலுவில் துறைமுகம் வந்தபின் தெற்கே மணல் சேர்கிறது, வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கடல் அரிக்கிறது. மணல் கரையோரமாக வடக்கே நகர்கிற வழியில் அணை குறுக்கே நிற்பதால் வந்த வினை இது. அந்த அரிப்பைச் செடி வைத்து நிறுத்த முடியாது. கரையோரத் திணைக்களமும் துறைமுகத்தைப் பொறுப்பேற்றவர்களும் செய்ய வேண்டிய பொறியியல் வேலை அது. சங்கம் செய்யக்கூடியது, அரிப்பை மாதாமாதம் அளந்து எழுதிக் கொடுப்பது. அரிப்பில்லாத இடத்தில் மணல்மேட்டைப் பிடிக்க அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் தாழையும் போதும். சுனாமிக்குப் பிறகு வைத்த சவுக்கை இன்னும் வரிசையாக நடுகிறார்கள், எனக்கு அதில் விருப்பமில்லை. அதன் கீழே வேறு எதுவும் எழும்பாது, ஆமை முட்டையிட வரும் கரையில் அது இடைஞ்சல். ஆமை என்றால் வனஜீவராசிகள் திணைக்களம் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

கடிதமும் கூட்டுக் களவிஜயமும்

ஒவ்வொரு திணைக்களத்துக்கும் தனித்தனியாக எழுதினால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கை காட்டுவார்கள். ஒரே கடிதம், பிரதேச செயலாளருக்கு. மற்ற எல்லோருக்கும் பிரதி. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று எங்கள் ஊரில் சொல்வது இதற்கும் பொருந்தும். மீனவர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கோயில், பள்ளிவாசல் எல்லாவற்றின் றப்பர் முத்திரையும் கீழே விழட்டும். உடல் இப்படி இருந்தால் போதும்:

“மேற்படி கிராம சேவகர் பிரிவில், நில அளவைப் படத்தில் காட்டப்பட்ட இந்தத் துண்டின் ஊடாக ஓடிய ஓடை அடைபட்டுள்ளதால் கண்டல் மரங்கள் பட்டுப்போகின்றன. ஓடையைத் திறந்து கண்டலை மீட்க எமது சங்கம் உழைப்பைத் தரத் தயாராக உள்ளது. காணியின் எல்லை, தேவையான அனுமதி, பொறுப்பான திணைக்களம் ஆகியவற்றை அறிய, கீழே பிரதியிடப்பட்ட உத்தியோகத்தர்களுடன் ஒரு கூட்டுக் களவிஜயத்தை ஏற்பாடு செய்து தருமாறு பணிவுடன் கேட்கிறோம்.”

பணம் கேட்காதீர்கள். பணம் கேட்கிற கடிதம் கணக்குக் கிளைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். களவிஜயம் கேட்கிற கடிதத்துக்கு ஒரு திகதி மட்டும்தான் தேவை. நேரே கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள்.

வருகிற நாளில் வெயிலுக்கு முன் கூட்டிப் போங்கள், தோணி ஆயத்தமாக இருக்கட்டும், இளநீர் வெட்டி வையுங்கள். யார் என்ன சொன்னார் என்பதை அங்கேயே குறிப்பெடுத்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். மேசையில் இருக்கும்போது “இது எங்கள் எல்லையில்லை” என்று சொல்கிறவர், பக்கத்தில் மற்றத் திணைக்களக்காரர் நிற்கும்போது அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டார். அந்தக் குறிப்பில் மூன்று விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும்: அனுமதி தருகிறவர் யார், மாடு வராமல் வேலி போடுகிறவர் யார், மூன்று வருடம் போய்ப் பார்க்கிறவர் யார். மூன்றாவதற்குப் பெயர் விழாவிட்டால் நடுகையைத் தள்ளிப் போடுங்கள்.

பதில் வராவிட்டால் சண்டை வேண்டாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள்: “எமது இந்தத் திகதிக் கடிதத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, கோப்பின் பிரதி தருக.” 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் 14 நாளுக்குள் மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் ஆணைக்குழு. பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது. விண்ணப்பம் போன கிழமையே களவிஜயத்துக்குத் திகதி கேட்டுத் தொலைபேசி வரும்.

காலம் பற்றியும் ஒரு சொல். அரசாங்கத்தின் வருடம் ஜனவரியில் தொடங்குகிறது. ஆனால் அடுத்த வருட மதிப்பீட்டை இந்த வருட நடுப்பகுதியிலேயே எழுதத் தொடங்கிவிடுவார்கள். சித்திரை வருடப் பிறப்பு கழிந்ததும் கடிதம் போனால், ஆவணிக்குள் களவிஜயம் முடிந்தால், மதகோ வேலியோ அடுத்த வருடக் கணக்கில் ஏறும். கார்த்திகையில் தொடங்குகிறவர் வெள்ளம் வடியும்வரை வீட்டில்தான் இருக்க வேண்டும், கந்தோரிலும் அப்போது ஆட்கள் வெள்ள நிவாரணத்தில் நிற்பார்கள்.